முந்நூறு கிலோ மானும் பன்னிரண்டு கிராம் குண்டும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் ராக்கி மலைச் சரிவுகளில் ஆஸ்பென் மரங்களின் இலைகள் மஞ்சளாகும். இணை தேடும் எல்க் ஆண்மான்களின் கூவல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். கொலராடோ, வயோமிங், மொன்டானா மாநிலங்களின் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு, தங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து ஓயாத ஒரு வழக்கை மறுபடி தொடங்குவார்கள்: எல்குக்கு எந்தக் காலிபர் சரி?

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. இருந்தும் இந்தக் கேள்வியை நான் விடாமல் பின்தொடர்ந்ததற்குக் காரணம் உண்டு. பதினோராம் வகுப்பு இயற்பியல், உடற்கூறு, உலோகவியல், ஒரு கழுகினத்தின் வாழ்வு சாவு எல்லாம் இதற்குள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெரிய விலங்கு சில விநாடிகளில் சாகிறதா, அல்லது குடல் கிழிந்து இரண்டு நாள் காட்டுக்குள் அலைந்து சாகிறதா என்பது இந்தத் தேர்வைப் பொறுத்தது. எனவே விடையைச் சரியாகச் சொல்லியாக வேண்டும். வழக்காடுவோர் முதலில் பேசவேண்டியது குழலின் விட்டத்தைப் பற்றியே இல்லை என்பது என் கருத்து.

மானிலிருந்து தொடங்குவோம். எல்க் நம் காஷ்மீரத்து ஹங்குலுக்கு நெருங்கிய உறவு. உருவத்தில் அதைவிட மிகப் பெரியது. ராக்கி மலை ஆண்மான் தோளில் ஒன்றரை மீட்டர் உயரம், எடை 300 கிலோவைத் தாண்டும். பெண்மான் 225 கிலோ அளவில் இருக்கும். இதயமும் நுரையீரலும் முன்னங்காலுக்கு மேலே, சற்றுப் பின்தள்ளி இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது அந்த இடம் ஓர் அடிக்குச் சற்று அதிகமான வட்டம். அதற்கு முன்புறம் தடித்த தோள்பட்டை எலும்பு. பின்புறம் ஈரப்புல் நிறைந்த பெரிய இரைப்பை. அதற்குள் புகும் குண்டு வேகமிழந்து திணறும். மான் சற்றுத் திரும்பி நின்றாலே குண்டு அரை மீட்டர் வரை தசைக்குள் ஊடுருவ வேண்டியிருக்கும். நல்ல குண்டுக்கான தேர்வு இந்த உடலுக்குள்தான் நடக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். தோட்டா என்றால் பித்தளைக் கூடு, அடியில் தீப்பற்றவைக்கும் சிறு கேப்பு, உள்ளே மருந்து, நுனியில் குண்டு என நான்கும் சேர்ந்தது. காலிபர் என்பது குண்டின் அல்லது குழலின் விட்டம், அவ்வளவே. அதைக்கூட பெயர்கள் ஒழுங்காகச் சொல்வதில்லை. .270 வின்செஸ்டர் குண்டின் உண்மையான விட்டம் 0.277 அங்குலம். .30-06 ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள 06, அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906-ஆம் ஆண்டைக் குறிப்பது. 1895-இல் வந்த .30-30-உம் 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னமும் ஒரே 0.308 அங்குல விட்டக் குண்டைத்தான் சுடுகின்றன. ஆனால் முன்னது குழல்வாயில் ஏறத்தாழ 2,500 ஜூல் ஆற்றல் தருகிறது, பின்னது 4,700. விட்டம் ஒன்றே, ஆற்றலோ கிட்டத்தட்ட இரு மடங்கு. காலிபரை மட்டும் கேட்டு யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டே போதும்.

அப்படியானால் ஆற்றலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? துப்பாக்கி நிறுவனங்களின் பட்டியல்கள் அப்படித்தான் சொல்கின்றன. எல்க் வேட்டையில் மிகப் பழகிய .30-06-ஐ எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம். வேகம் விநாடிக்கு 823 மீட்டர். நிறையைப் பாதியாக்கி வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3,950 ஜூல். பெரிய எண்ணாகத் தெரிகிறது. உணவுக் கணக்கில் மாற்றினால் அது ஒரு கிலோ கலோரிக்கும் குறைவு. ஓர் இட்லியைப் பிட்டு எடுத்த சிறு துணுக்கில் அவ்வளவு ஆற்றல் இருக்கிறது. 300 கிலோ விலங்கைச் சாய்ப்பது இந்த ஆற்றலின் அளவாக இருக்க முடியாது. அந்த ஆற்றல் உடலுக்குள் எங்கே, எதன்மேல், எப்படிச் செலவாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உந்தக் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசும். நம் சினிமாவில் சுடப்பட்ட அடியாள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பின்னால் பறப்பார். அந்தக் காட்சி பார்த்துப் பழகியதால், பெரிய குண்டு மானை அடித்துத் தள்ளிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். 11.7 கிராமை 823-ஆல் பெருக்கினால் உந்தம் 9.6 கிலோகிராம் மீட்டர்/விநாடி. அது முழுவதும் 320 கிலோ ஆண்மானுக்குள் இறங்கினால் மான் விநாடிக்கு 3 சென்டிமீட்டர் வேகம் பெறும். நின்ற இடத்தில் ஒரு சிறு அசைவு. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே தப்ப விடாது: மானைத் தூக்கி எறியும் துப்பாக்கி, சுட்டவரையும் தூக்கி எறிந்திருக்கும்.

பிறகு மான் எதனால் விழுகிறது? இதற்குத் தெளிவான விடை தந்தவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் ஃபாக்லர் என்ற அறுவை மருத்துவர். வியட்நாம் போரில் தா நாங் மருத்துவமனையில் குண்டுக் காயங்களுக்குக் கத்தி பிடித்தவர். புத்தகங்கள் சொன்ன காயமும் தன் மேசைமேல் கிடந்த காயமும் பொருந்தவில்லை என்று கண்டவர். 1981-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்க ராணுவத்தின் லெட்டர்மன் ஆய்வு நிலையத்தில் காய ஆய்வுக்கூடம் ஒன்றை உருவாக்கினார். 10 விழுக்காடு ஜெலட்டின் கட்டிகளை 4 பாகை செல்சியஸில் வைத்துச் சுட்டு, குண்டின் பாதையை அளந்தார். ஒரு குண்டு இரண்டு வகையான குழிவை உண்டாக்குகிறது. முதலாவது, திசுவை நசுக்கி அறுத்துக்கொண்டே போகும் நிலைத்த துளை. இரண்டாவது, அதைச் சுற்றிச் சதை ஒரு கணம் விரிந்து மறுபடி ஒடுங்கும் தற்காலிகக் குழிவு. நுரையீரல் நெகிழ்வான உறுப்பு. விரிந்தாலும் பெரும்பாலும் மீண்டுவிடும். கல்லீரல் மீளாது, பிளந்துவிடும். ஆக, நம்பத் தகுந்தது நிலைத்த துளைதான். அது எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எந்த உறுப்பின் வழியே போனது என்ற மூன்றும் சேர்ந்தே சாவைத் தீர்மானிக்கின்றன.

இதயமோ பெரும் ரத்தக்குழாயோ கிழிந்தால் ரத்த அழுத்தம் சரிகிறது. ரத்தம் நின்ற பிறகும் மூளை பத்துப் பதினைந்து விநாடி இயங்கும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய எல்க், இதயம் கிழிந்த நிலையிலும் நூறு மீட்டர் ஓடிவிடும் என்பதற்குக் காரணம் இதுவே. எந்தக் காலிபரும் இந்த விநாடிகளை அழித்துவிடாது. மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் மட்டுமே உடனே விழும். அவை மிகச் சிறிய இலக்குகள். அவற்றைக் குறிவைப்பவர்கள் தாடையைச் சிதைத்துப் பட்டினிச் சாவுக்கு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே இதய, நுரையீரல் வட்டமே நியாயமான இடம்.

இந்த அறிவு பரவுவதற்கு முன்பு இருவர் பல பத்தாண்டுகள் மோதிக்கொண்டார்கள். ஜாக் ஓ'கானர் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர்; 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பகுதி ஆசிரியர். 1925-இல் வந்த .270 வின்செஸ்டரின் பெரும் ஆதரவாளர். 8.4 கிராம் குண்டு, விநாடிக்கு 930 மீட்டர் வேகம், தோளை வருத்தாத உதை. குறி தவறாமல் வைத்தால் எல்குக்குத் தாராளமாகப் போதும் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி எல்மர் கீத். ஐடஹோ மாநிலத்தில் மாடு மேய்த்தவர், வேட்டை வழிகாட்டி. அடிபட்டுத் தப்பிய எல்குகளைக் காட்டுக்குள் தேடி அலைந்த அனுபவம் அவருக்கு ஏராளம். 16 கிராம் எடையுள்ள .33 வகைக் குண்டுக்குக் குறைந்து எதையும் அவர் ஏற்கவில்லை. 1958-இல் வந்த .338 வின்செஸ்டர் மேக்னம் அவர் கேட்டுக்கொண்டிருந்த தோட்டாவுக்கு மிக நெருக்கமானது.

இவர்களில் ஒருவரை வெற்றியாளராக அறிவிப்பது இன்றும் பலருக்குப் பிடித்த வேலை. நான் பார்த்தவரை, இருவரும் உண்மையைச் சொன்னார்கள். அவர்கள் இளமையில் கிடைத்த குண்டுகள்தான் சரியில்லை. ஈயத்தின்மேல் மெல்லிய செம்புக் கலவை உறை போட்ட அந்தக் குண்டுகள், வேகமாகப் போய்த் தோள் எலும்பில் மோதினால் மேற்பரப்பிலேயே சிதறிவிடும். கனத்த, மெதுவான குண்டில் அந்தச் சிதறல் குறைவு. சிதறினாலும் மிஞ்சும் ஈயம் அதிகம். கீத் கேட்ட எடை, மோசமான உலோக வேலைக்கு எதிரான காப்பீடு. ஓ'கானர் விலா எலும்புக்கு நடுவே பக்குவமாகச் சுட்டவர். அவருக்கு அந்தக் காப்பீடு தேவைப்படவில்லை.

தீர்வு மூன்றாமவரிடமிருந்து வந்தது. 1946 இலையுதிர்காலத்தில் ஜான் நாஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். மூஸ், எல்கைவிடவும் பெரிய மான். அவர் கையில் இருந்தது .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், அன்றைய அளவில் வலுவான துப்பாக்கி. சேறு காய்ந்து அப்பியிருந்த மூஸின் தோளில் குண்டுகள் உடைந்து போயின, உள்ளே போகவில்லை. ஊர் திரும்பியவர் உறைக்கு நடுவில் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் வைத்துக் குண்டு செய்தார். முன்னறை ஈயம் விரிந்து அகலும். பின்னறை ஈயம் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து குண்டை ஆழமாகத் தள்ளும். 'பார்ட்டிஷன்' என்று பெயரிட்டு 1948-இல் விற்கத் தொடங்கினார். அதற்கு நாற்பதாண்டு கழித்து, 1989-இல், பார்ன்ஸ் நிறுவனம் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டைக் கொண்டுவந்தது. அது நுனியில் இதழ் இதழாக விரியும், எடை ஏறக்குறைய குறையாமல் மறுபக்கம் வெளியேறும். எல்க் வேட்டையின் அறிவியலில் இந்த இரண்டும் எந்தப் புதிய காலிபரையும்விடப் பெரிய முன்னேற்றங்கள்.

விரியும் குண்டு என்றதும் நம் மண்ணின் ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போக முடியாது. கொல்கத்தாவை அடுத்த டம்டமில் ஆங்கிலேயரின் ஆயுதச்சாலை இருந்தது. 1890-களில் அங்கேதான் .303 குண்டின் நுனி உறையை நீக்கி, உடலுக்குள் விரியும் குண்டைச் செய்தார்கள். மனிதர்களுக்கு அது செய்த கொடூரத்தைக் கண்டு 1899-இல் ஹேக் மாநாடு போரில் விரியும் குண்டுகளை விலக்கும் பிரகடனம் செய்தது. அதே குண்டு வகையைக் கொலராடோ மாநில வேட்டை விதி இன்று கட்டாயமாக்குகிறது. விரியாத குண்டால் எல்கைச் சுடக்கூடாது. முரண்போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே இரக்கத்திலிருந்து வருகின்றன. காயம்பட்ட படைவீரரைத் தூக்கிச் செல்ல ஆள் உண்டு, மருத்துவமனை உண்டு. காயம்பட்ட மானுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு ஒல்லியான துளை என்பது நீண்ட வேதனை.

எடை முழுவதையும் விட்டத்தில் தேடவேண்டியதில்லை என்பதை ஸ்வீடன் நூறாண்டாகக் காட்டிவருகிறது. அங்கே ஆண்டுதோறும் பல பத்தாயிரம் மூஸ்களைச் சுடுகிறார்கள், பழைய 6.5×55 தோட்டா அதில் பெரும்பங்கு வகித்தது. காரணம் எளிது. குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பது அதன் முகப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பின்னால் எவ்வளவு எடை நிற்கிறது என்பதைச் சார்ந்தது. 9 கிராம் 6.5 குண்டு ஒல்லியாக, நீளமாக இருக்கும். முகப்பளவுக்கு அதன் எடையைக் கணக்கிட்டால் 11.7 கிராம் .30 குண்டைவிடச் சற்று அதிகமே. 2007-இல் வந்து அமெரிக்காவைப் பிடித்துக்கொண்ட 6.5 கிரீட்மோர் இந்தப் பழைய கணக்கின் புதிய உடை. ஆனால் ஸ்வீடனின் சட்டம் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கவில்லை. மூஸுக்கு 9 கிராம் குண்டானால் 100 மீட்டரில் 2,700 ஜூல் இருக்கவேண்டும். 10 கிராமுக்கு மேல் போனால் 2,000 ஜூல் போதும். எடை கூடினால் ஆற்றலில் சலுகை! பொருளுணர்ந்து எழுதிய விதி என்று இதைப் பாராட்டுவேன். கொலராடோவின் எல்லை இதைவிடத் தளர்வானது: 6 மில்லிமீட்டர் விட்டம், 5.5 கிராம் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு, அதாவது 1,356 ஜூல். .243 வின்செஸ்டர் அதில் தேறிவிடும். தேறுவதும் தகுவதும் வேறு. பழுத்த கைக்காரர் அருகில் நின்று, மான் பக்கவாட்டில் அசையாமல் நின்றால் மட்டும் அது போதும். மலையில் மான் அப்படி நின்று காட்டுவது அரிது.

மறுமுனையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. குண்டும் அதன் பின்னால் பீறிடும் வாயுவும் முன்னே போக, துப்பாக்கி பின்னே வரும். 3.6 கிலோ .30-06 துப்பாக்கி விநாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் தோளில் இடிக்கும்; உதையின் ஆற்றல் 27 ஜூல் அளவு. 6.5 கிரீட்மோரில் அது 16, 17 ஜூல். .338 மேக்னமில் 45-ஐத் தொடும். நான்கைந்து முறை வலித்த பிறகு, விசையை இழுக்கும் கணத்திலேயே உடம்பு முந்திக்கொண்டு சுருங்கும், கண் மூடும், குழல் தாழும். இது கோழைத்தனம் இல்லை. நரம்பு மண்டலம் தன் வேலையைச் செய்கிறது. விளைவு மட்டும் மானின் வயிற்றில் விழுகிறது. வலுவான துப்பாக்கி வைத்திருப்பவர் பயிற்சியே செய்யாமல் இருப்பார், வலிக்கிறது என்பதால். பலம் போதவில்லை என்று மேக்னம் வாங்கியவர், அந்த மேக்னமாலேயே குறி தவறுகிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்ற ஸ்காட்டியர், பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியைத்தான் பயன்படுத்தினார். யானை மண்டையோட்டை அறுத்துப் படித்து, மூளை எங்கே என்று தெரிந்துகொண்டு சுட்டார். அந்த எண்ணிக்கை மனதைக் கனக்க வைக்கிறது. ஆனாலும் உடற்கூறு அறிந்த கைக்கு முன்னால் விட்டம் எவ்வளவு சிறிய விஷயம் என்பதற்கு அதைவிடக் கடுமையான சான்று கிடைக்காது.

தொலைவைப் பற்றி இன்று பேசாமல் இருக்க முடியாது. லேசர் தூரமானியும் பெருக்கித் தொலைநோக்கியும் 600, 700 மீட்டரில் சுடும் ஆசையை வளர்த்துவிட்டன. 200 மீட்டருக்குக் குறி சரிசெய்த .30-06 குண்டு 300 மீட்டரில் முக்கால் அடிக்கு மேல் தாழும். 400 மீட்டரில் இரண்டரை அடி அளவு. இதைக் கருவி திருத்திவிடும். காற்றை எந்தக் கருவியும் முழுதாகச் சொல்லாது. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 400 மீட்டரில் அதே குண்டை ஓர் அடிக்கு மேல் ஒதுக்கிவிடும். மலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்று வேறு வேறு. குண்டு போய்ச்சேர அரை விநாடி ஆகிறது, அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைக்கலாம். வேகமும் குறைகிறது. பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் விநாடிக்கு 550 மீட்டருக்குக் கீழே சரியாக விரிவதில்லை; .30-06 அந்த எல்லையைச் சுமார் 450 மீட்டரில் தொடுகிறது. அதற்கு அப்பால் சுடுவது, ஹேக் மாநாடு அனுமதித்த குண்டால் மானைச் சுடுவதற்குச் சமம். வேட்டைக்காரர் தன் எல்லையை 300 மீட்டரில் வைத்து, அதற்கு மேல் என்றால் நடந்து நெருங்குவதே அறம்.

இதுவரை பேசியது சுடப்பட்ட மானைப் பற்றி. சுட்ட பிறகு காட்டில் விட்டுப்போவதைப் பற்றியும் பேசவேண்டும். வேட்டைக்காரர்கள் குடலையும் உள்ளுறுப்புகளையும் அங்கேயே அகற்றிவிட்டு இறைச்சியைச் சுமந்து போவார்கள். ஈயக் குண்டு உடலுக்குள் தூளாக உதிர்ந்திருக்கும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வேட்டையாடப்பட்ட 30 வெள்ளைவால் மான்களின் உடல்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் நீக்கிய பிறகும் எல்லாவற்றிலும் உலோகத் துகள், ஓர் உடலுக்குச் சராசரி 136. துகள் கறியிலும் போகிறது, எஞ்சிய குடலிலும் கிடக்கிறது. அதைத் தின்ன வருவது கலிபோர்னியா காண்டர் என்ற அமெரிக்கப் பாறு. 1982-இல் உலகில் 22 பறவைகளே மிஞ்சியிருந்தன. 1987-இல் காட்டிலிருந்த கடைசிப் பறவை வரை பிடித்து, வளர்த்து, 1992 முதல் மீண்டும் பறக்கவிட்டார்கள். இன்று அவற்றைக் கொல்லும் காரணங்களில் முதலிடம் ஈய நஞ்சுக்கு. 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்து 2022-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ பாதிக்கு நாட்பட்ட ஈய நஞ்சு இருப்பதைக் கண்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற நம் பாறுகளை அழித்ததை அறிந்தவர்களுக்கு, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய சிலவற்றை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு, இதை விளக்கத் தேவையில்லை. நாம் 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை விலக்கினோம். கலிபோர்னியா 2013-இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் ஈயத்தை நிறுத்திவிட்டது.

ஈயத்தை விடும்போது காலிபர் கணக்கும் மாறுகிறது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஒரே எடைக்குக் குண்டு நீளும். விரியவும் கூடுதல் வேகம் வேண்டும். ஆனால் எடை சிந்தாமல் ஆழம் போவதால், .30-06-இல் 180 கிரெய்ன் ஈயம் செய்த வேலையை 165 அல்லது 150 கிரெய்ன் செம்பு செய்யும். வேகம் கூடும், உதை குறையும். கீத்தின் ஆழமும் ஓ'கானரின் மென்மையும் ஒரே தோட்டாவில் கிடைக்கின்றன.

இந்த மான்கள் இன்று இருப்பதிலேயே வேட்டைக்காரர்களுக்குப் பங்கு உண்டு என்பதையும் மறுக்கக்கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் கீழே சுருங்கிய எல்க், இன்று பத்து லட்சம் அளவில் இருக்கிறது. 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, நீள்குழல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 விழுக்காடு வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. காட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் அதே காட்டில் ஈயத்தையும் விட்டுப்போவது பொருந்தவில்லை.

ஆகவே, இலையுதிர்காலத்தில் கொலராடோ மலையேறும் ஒருவர் கேட்டால் என் விடை இதுதான். .270, 7 மில்லிமீட்டர், .308, .30-06 ஆகியவற்றில் உங்கள் தோளுக்கு வலிக்காத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்கு முன் வாரக்கணக்கில், படுத்தும் முழங்காலிட்டும் மூச்சிரைக்க ஏறி நின்றும் பயிற்சி செய்யுங்கள். குண்டு முழுச் செம்பாக இருக்கட்டும். மான் 300 மீட்டருக்குள் பக்கவாட்டில் நிற்கவில்லை என்றால் சுடாதீர்கள்.